குளிரில் கசியும் கூலன்ட்: சிறு துளி என்று அலட்சியப்படுத்தலாகாது

டிசம்பர் மாதம் முதல் பெப்ரவரி வரையிலான காலம் மாத்தளை மாவட்டத்தின் மலைப்பாங்கான பகுதிகளில் வாழ்வோருக்குக் குளிர் மிகுந்த காலமாகும். இரத்தோட்டை, கம்மடுவ, எல்கடுவ, ரிவர்ஸ்டன் போன்ற இடங்களில் பொழுது நன்கு புலர்ந்த பின்னரும் பனிமூட்டம் கலையாத நாட்கள் உண்டு. இத்தகைய காலை வேளைகளில் மோட்டார் சைக்கிளை வெளியே எடுப்போர் சிலர், இரவு முழுவதும் அது நின்றிருந்த இடத்தில் பச்சை நிறத்திலோ இளஞ்சிவப்பு நிறத்திலோ ஒரு சிறு கறை படிந்திருப்பதைக் காண்பதுண்டு. வாகனம் வழமை போல் இயங்குகின்றது. சற்று நேரத்தில் கசிவும் நின்று விடுகின்றது. எனவே அதனை ஒரு பொருட்டாகக் கொள்ளாது அவர்கள் தமது அலுவல்களுக்குச் சென்று விடுகின்றனர்.

இந்தச் சிறு கறையைப் பற்றி எமது வாசகர்கள் சற்று ஆழமாக அறிந்து வைத்திருப்பது அவசியமென நாம் கருதுகின்றோம். குளிர் காலையில் தோன்றி வெயிலில் மறையும் கசிவு தானாகக் குணமடைந்து விட்ட கசிவு அல்ல. குளிர் அக்கசிவை உண்டாக்கவுமில்லை. ஏற்கனவே இருந்த பலவீனத்தை அது வெளிக்காட்டியிருக்கின்றது, அவ்வளவுதான். அந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்பவர் சிறு செலவுடன் தப்பித்துக் கொள்கின்றார். புறக்கணிப்பவரோ இயந்திரத்தையும், சில வேளைகளில் அதனிலும் மேலானவற்றையும் இழக்க நேரிடுகின்றது.

இலங்கையில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. மாத்தளை போன்ற மாவட்டத்தில் அதன் பயன்பாடு வெறும் பயண வசதியுடன் நின்று விடுவதில்லை. தோட்டப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர், அதிகாலைத் தொழுகையை முடித்துக் கொண்டு கடை திறக்கப் புறப்படும் உக்குவளை வியாபாரி, மரக்கறி மூடையுடன் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தை நோக்கிச் செல்லும் விவசாயி என இன, மத வேறுபாடின்றி அனைவரினதும் நாளாந்த வருமானம் இந்த இரு சக்கரங்களிலேயே தங்கியுள்ளது. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டு இடைவெளியிலும், 2022 இன் பொருளாதார நெருக்கடியின் போதும் மக்கள் தம்மிடமிருந்த பழைய வாகனங்களையே பேணிப் பாதுகாத்து ஓட்ட வேண்டியிருந்தது. அவ்வாறு வயதேறிய வாகனங்களில் இறப்பர் குழாய்களும் சீல்களும் சேர்ந்தே வயதேறியுள்ளன என்பதை நாம் மறந்து விடலாகாது.

கசிவது கூலன்ட் தானா?

முதலில் தீர்மானிக்கப்பட வேண்டியது, கீழே சொட்டியிருப்பது உண்மையிலேயே கூலன்ட் தானா என்பதாகும். எம்மவர்கள் பயன்படுத்தும் மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவை காற்றினால் குளிர்விக்கப்படுபவை. பஜாஜ் சீ.டி. 100, ஹீரோ ஸ்பிளெண்டர், யமஹா எப்.இஸட். போன்றவற்றில் கூலன்ட் என்பதே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடு போன்ற மடிப்புகளில் காற்று மோதுவதனாலேயே அவை வெப்பம் தணிகின்றன. பல்சர் 220 போன்ற சிலவற்றின் முன்புறத்தில் சிறிய ரேடியேட்டரைப் போன்ற ஒன்று காணப்பட்டாலும், அதனுள் ஓடுவது இயந்திர எண்ணெயே. யமஹா ஆர் 15, கே.டி.எம். டியூக் 200, பல்சர் என்.எஸ். 200 போன்றவையே திரவத்தினால் குளிர்விக்கப்படும் வகையைச் சேர்ந்தவை. முன் சக்கரத்துக்குப் பின்னால் ரேடியேட்டரும், பக்கத்தில் குறைந்த மட்டம், கூடிய மட்டம் என இரு கோடுகள் இடப்பட்ட சிறிய பிளாஸ்டிக் தாங்கியும் இருக்குமாயின் அவ்வாகனம் இவ்வகையினதே.

அடுத்ததாகத் திரவத்தின் தன்மையைப் பார்க்க வேண்டும். கபில நிறத்திலோ கருமையாகவோ இருந்து கையில் வழுவழுப்பது இயந்திர எண்ணெயாகும். பெற்றோல் வாசனையினாலேயே தன்னைக் காட்டிக் கொடுத்து விரைவில் ஆவியாகி விடும். பச்சை, இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில், நீரைவிடச் சற்றுப் பிசுபிசுப்பாகவும் மெல்லிய இனிப்பு வாடையுடனும் இருப்பதே கூலன்ட் ஆகும். நாவில் வைத்துப் பார்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுகின்றோம்.

குளிர் காலையில் இயந்திரத்தை இயக்கியவுடன் சைலன்சரின் நுனியிலிருந்து நிறமற்ற நீர் சொட்டுவதும், வெண்மையான ஆவி வெளிவருவதும் பலரை அச்சுறுத்துகின்றன. பெற்றோல் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த இரும்புக் குழாயிற் பட்டு நீராக மாறுவதே இதுவாகும். சில நிமிடங்களில் அது நின்று விடுமாயின் கவலைக்கிடமில்லை. இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரும் வெண்புகை தொடருமாயின் மாத்திரமே சந்தேகம் கொள்ள வேண்டும்.

குளிரில் கசிவது ஏன்?

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில இரவுகளில் புற்தரையில் உறைபனி படிவது நாமறிந்ததே. மாத்தளை நகரமோ கடல் மட்டத்திலிருந்து 400 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலேயே அமைந்துள்ளது. ரிவர்ஸ்டன் பகுதி ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரமுடையது. 1,000 மீற்றர் ஏறும்போது வெப்பநிலை சராசரியாக 6 பாகை செல்சியஸ் அளவில் குறைவடையும். ஆகவே நகரத்திலிருந்து புறப்பட்டு ரிவர்ஸ்டனை அடையும் ஒருவர் ஒரே பயணத்தில் நன்கு உணரத்தக்க குளிர் மாற்றத்துக்குள் நுழைகின்றார். எனினும் வாகனத்தினுள் இருக்கும் நீர் உறையுமளவுக்கு எமது மாவட்டத்தில் குளிர் ஏற்படுவதில்லை.

கனடாவில் வாழும் எமது உறவினர்களின் நிலை வேறு. அங்கே வெறும் நீரை மாத்திரம் நிரப்பி வைத்தால் குளிர்காலத்தில் அது பனிக்கட்டியாகி, கனவளவில் 9 சதவீதம் வரை விரிந்து, இயந்திரத்தின் உலோகத்தையே பிளந்து விடும். எதிலீன் கிளைக்கோலும் நீரும் சம அளவிற் கலந்த கூலன்ட் சுமார் மறை 37 பாகை செல்சியஸ் வரை உறையாதிருப்பதனாலேயே அங்கு அது இன்றியமையாததாக உள்ளது. ‘எங்கள் ஊரில் பனி உறைவதில்லை, ஆகவே கூலன்ட் எதற்கு?’ என்று இங்கே சிலர் கேட்பதுண்டு. கூலன்டின் பணி உறைவைத் தடுப்பது மாத்திரமல்ல. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினிய உட்புறங்களைத் துருவிலிருந்தும் அரிப்பிலிருந்தும் காப்பதும், பம்பின் சீலை வறளாது வைத்திருப்பதும் அதன் பணிகளே. எமக்கு வேண்டியவை இப்பணிகளாகும்.

உறைவு இல்லையாயின் குளிரில் கசிவது எவ்வாறு? குளிர்விக்கும் தொகுதியில் அலுமினியம், உருக்கு, இறப்பர், பிளாஸ்டிக் எனப் பலவகைப் பொருட்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. குளிர்ச்சியில் இவையனைத்தும் சுருங்கினாலும் ஒரே அளவிற் சுருங்குவதில்லை. அலுமினியத்தை விட இறப்பர் பல மடங்கு கூடுதலாகச் சுருங்கும் இயல்புடையது. புதிய இறப்பருக்கு மீள்சக்தி உண்டு. அது சுருங்கினாலும் குழாயின் வாயை இறுகப் பற்றிக் கொள்ளும். ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்த இறப்பரோ கடினமாகி, கிளிப் அழுத்திய வடிவத்திலேயே நின்று விடுகின்றது. இரவுக் குளிரில் அது சுருங்கும்போது குழாய்க்கும் உலோகத்துக்கும் இடையே மயிரிழை போன்ற ஒரு வழி திறக்கின்றது. அதனூடாகவே கூலன்ட் சொட்டுகின்றது.

காலையில் இயந்திரம் இயங்கிச் சூடேறியதும் அனைத்தும் மீண்டும் விரிந்து அவ்வழி மூடப்படுகின்றது. நண்பகலில் கராஜுக்குக் கொண்டு செல்லும்போது மெக்கானிக் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தும் கசிவைக் காண முடியாமற் போவது இதனாலேயே. ஆகவே குளிர்ந்த நிலையிலேயே வாகனத்தைக் காட்ட வேண்டும். முடியுமாயின் முதல் நாள் மாலையிலேயே அதனைக் கராஜில் ஒப்படைத்து, மறுநாட் காலையில் இயக்கும் முன்னர் பரிசோதிக்கச் செய்வது சிறந்தது.

இவ்விடத்தில் மற்றொரு தவறான புரிதலையும் சுட்டிக்காட்ட வேண்டும். கூலன்ட் சூடேறும்போது விரிந்து ரேடியேட்டர் மூடியிலுள்ள வால்வு வழியாகப் பிளாஸ்டிக் தாங்கிக்குச் செல்கின்றது. குளிரும்போது அது மீண்டும் உள்ளிழுக்கப்படுகின்றது. எனவே குளிர் காலையில் தாங்கியின் மட்டம் முந்திய நாள் மாலையை விடச் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பேயாகும். அதனைக் கசிவெனக் கருதி விளிம்பு வரை நிரப்புவோர், மலையேறும்போது மேலதிக கூலன்ட் வழிந்து வெளியேறுவதைக் கண்டு மீண்டும் கலக்கமடைகின்றனர். தாங்கியை இரு கோடுகளுக்கிடையே வைத்திருப்பதும், எப்போதும் குளிர்ந்த நிலையிலேயே மட்டத்தைப் பார்ப்பதும் போதுமானது. ஒரு வாரத்துக்கு நாள்தோறும் ஒரே வேளையில் பார்த்துக் குறித்து வந்தால் உண்மையில் குறைகின்றதா என்பது தெளிவாகி விடும்.

எங்கே தேடுவது?

கசிவைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் எல்லா வேளைகளிலும் தேவைப்படுவதில்லை. வாகனத்தைக் கழுவித் துடைத்து, இரவில் அதன் கீழே ஒரு வெள்ளைக் காகித அட்டையை விரித்து வைத்தால் காலையில் துளி விழுந்த இடம் தெரியவரும். அதற்கு நேர் மேலேயே கசிவு இருக்குமெனக் கூறி விட முடியாது. கூலன்ட் குழாயின் வழியே ஓடி, தாழ்வான ஓரிடத்தில் வந்து சொட்டக்கூடும். எனவே துளியிலிருந்து மேல்நோக்கி ஈரத்தையும், காய்ந்து படிந்த வெண்பச்சைத் தூளையும் தொடர்ந்து செல்ல வேண்டும்.

இறப்பர் குழாய்களின் இரு முனைகளும் முதலிற் பார்க்கப்பட வேண்டியவை. கிளிப் தளர்ந்திருப்பின் அதனை அளவாக இறுக்கினாலே போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் பழைய குழாய் வெட்டுண்டு விடும். குழாயை விரல்களால் அழுத்தும்போது சிறு வெடிப்புகள் தெரிந்தாலோ, கல்லைப் போலக் கடினமாகவோ, மாறாக மிகவும் மென்மையாகி ஊதியோ இருந்தாலோ அதனை மாற்றுவதே முறையாகும்.

வோட்டர் பம்பின் கீழ்ப்புறத்தில் ஒரு சிறு துளை இருப்பதைப் பலர் அறிவதில்லை. பம்பின் சீல் தேய்ந்ததும் கூலன்ட் இயந்திர எண்ணெயுடன் கலந்து விடாது வெளியேறுவதற்காகவே தயாரிப்பாளர்கள் அத்துளையை வைத்துள்ளனர். அதிலிருந்து சொட்டுவதைக் கண்டு துளையைப் பசையிட்டு அடைப்பது பெரும் தவறாகும். அவ்வாறு அடைத்தால் வெளியே செல்ல வேண்டியது உள்ளே சென்று எண்ணெயைக் கெடுத்து விடும். சீலை மாற்றுவதே அதற்கான பரிகாரம்.

ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளிற் பட்ட சிறுகற்கள், மூடியினுள்ளே இருக்கும் இறப்பர் வளையம், கூலன்டை வடிக்கும் ஆணியின் கீழுள்ள வொஷர் ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. சேற்று நீரினூடாகப் பயணித்த வாகனங்களில் தகடுகளினிடையே மண் இறுகி நிற்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலினால் ஏற்பட்ட வெள்ளத்தையும் மண்சரிவையும் சந்தித்த மலையகப் பிரதேசங்களின் வாகனங்கள் இவ்வகையில் ஒரு தடவையேனும் பரிசோதிக்கப்பட வேண்டும். மண்ணை மென்மையான நீர்த் தாரையால் கழுவ வேண்டும். வேகமான நீரைப் பாய்ச்சினால் தகடுகள் மடிந்து காற்றின் வழி அடைபடும்.

வெளியே எங்கும் ஈரமில்லாதபோதும் கூலன்ட் குறைந்து கொண்டே செல்லுமாயின் நிலைமை பாரதூரமானது. எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு மாறுதல், சூடான பின்னரும் இனிப்பு வாடையுடன் வெண்புகை வருதல், தாங்கியில் குமிழிகள் எழுதல் ஆகியன ஹெட் கெஸ்கட் பழுதடைந்ததைக் குறிக்கும் அடையாளங்களாகும். அந்நிலையில் வாகனத்தை மேலும் ஓட்டாது நிறுத்தி விட வேண்டும்.

மலைப்பாதையில் நேரும் ஆபத்து

சமதரையில் ஓடும் வாகனம் ஓரளவு கசிவையும் தாங்கிக் கொள்ளக்கூடும். இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஊடாக இலுக்கும்புர நோக்கிச் செல்லும் வளைவுகள் நிறைந்த பாதை அவ்வாறானதல்ல. ஏற்றத்தில் முதலாவது, இரண்டாவது கியர்களில் மெதுவாக ஏறும்போது இயந்திரம் கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகின்றது. வேகம் குறைவாதலால் ரேடியேட்டரில் மோதும் காற்றோ சொற்பம். நீரின் கொதிநிலையும் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சுமார் ஒரு பாகை வீதம் குறைந்து, 1,400 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகை செல்சியஸில் வெறும் நீர் கொதித்து விடுகின்றது.

இதனை ஈடுசெய்வதற்காகவே குளிர்விக்கும் தொகுதி மூடப்பட்டு அழுத்தத்துக்குள் வைக்கப்பட்டுள்ளது. நல்ல நிலையிலுள்ள மூடியும் சரியான கலவையும் இருக்குமாயின் கொதிநிலை 120 பாகையையும் தாண்டும். கசிவு இருக்குமிடத்தில் அழுத்தம் நிலைப்பதில்லை. ஆகவே கசிவினால் நாம் இழப்பது சில துளித் திரவம் மாத்திரமன்று. கொதிக்காது காக்கும் பாதுகாப்பையே இழந்து விடுகின்றோம். அத்துடன் இயந்திரம் குளிரும் வேளையில் தாங்கியிலிருந்து கூலன்டை உறிஞ்ச வேண்டிய தொகுதி, கசிவின் வழியாகக் காற்றை உறிஞ்சிக் கொள்கின்றது. வெப்பத்தை அளக்கும் உணரி திரவத்தில் மூழ்கியிராது காற்றினுள் நிற்க நேர்ந்தால் எச்சரிக்கை விளக்கு உரிய நேரத்தில் ஒளிராது போகலாம். விளக்கு எரியவில்லை என்பதை மாத்திரம் நம்பி மலையேறுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

இதற்கும் மேலாக, கசியும் கூலன்ட் காற்றினால் பின்னோக்கி வீசப்பட்டுப் பின்சக்கர டயரிற் படியக்கூடும். ஏற்கனவே பனியினால் ஈரமான வளைவில், வழுவழுப்பான திரவம் பட்ட டயர் பிடிப்பை இழக்குமாயின் ஏற்படும் விளைவை நாம் விவரிக்க வேண்டியதில்லை. வாகனத்தில் மனைவியும் பிள்ளையும் அமர்ந்திருக்கும்போது கிளிப் ஒன்றின் விலையை எண்ணிப் பார்த்துத் தாமதிப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

நடுவழியில் வெப்பம் மிகுந்து விட்டால் வாகனத்தைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்து விட வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறப்பது கூடவே கூடாது. அழுத்தத்திலிருந்து விடுபடும் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேக வைத்து விடும். குறைந்தது முக்கால் மணி நேரமேனும் பொறுத்து, கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வந்த பின்னர், தடித்த துணியை மேலே போட்டுச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். அருகிலுள்ள ஓடையின் குளிர்ந்த நீரைச் சூடான இயந்திரத்தினுள் ஊற்றினாலும் ஆபத்தே. திடீரெனச் சுருங்கும் உலோகம் வளையவோ வெடிக்கவோ இடமுண்டு. ஆறிய பின்னர், அருகிலுள்ள கராஜ் வரை செல்வதற்கு மாத்திரம் சுத்தமான குடிநீரைப் பயன்படுத்தலாம். பின்னர் அதனை முற்றாக வடித்துப் புதிய கூலன்டை நிரப்ப வேண்டும்.

இயந்திரத்தை அணைத்து விட்டு இறக்கத்தில் உருட்டிச் செல்வதைச் சிலர் புத்திசாலித்தனமான வழியெனக் கருதுகின்றனர். நீண்ட இறக்கத்தில் இயந்திரத்தின் தடுப்பாற்றல் இல்லாது பிரேக்கை மாத்திரமே நம்பியிருப்பது அதனை எரித்து விடும். இம்முறையை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

மிளகுத் தூளும் கிணற்று நீரும்

ரேடியேட்டரில் மிளகுத் தூளையோ முட்டையின் வெள்ளைக் கருவையோ இட்டால் கசிவு அடைபடும் என்பது உலகின் பல பாகங்களிலும் வழங்கி வரும் பழைய கைவைத்தியமாகும். மிளகுக்குப் பெயர் பெற்ற மாத்தளையில் அதற்குத் தட்டுப்பாடில்லை. ஆயினும் கசிவை அடைக்கும் தூள் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கின்றது. பெரிய லொறியின் அகன்ற ரேடியேட்டரில் ஒரு நாள் தாக்குப் பிடிக்கும் உபாயம் மோட்டார் சைக்கிளின் சிறிய ரேடியேட்டரில் பேரிழப்பாக முடியலாம். மிளகு சமையலறையிலேயே இருக்கட்டும்.

நீரின் தன்மை குறித்தும் எமது மாவட்டத்தவர் விசேடமாகக் கவனிக்க வேண்டியுள்ளது. தெற்கே மலைச்சரிவுகளில் ஊற்று நீர் கிடைக்கின்றது. வடக்கே தம்புள்ளை, கலேவெல, வில்கமுவ ஆகிய உலர்ந்த பகுதிகளின் பல கிணறுகளில் வன்னீரே காணப்படுகின்றது. அந்நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெண்ணிறப் படிவு சேர்வதை இல்லத்தரசிகள் நன்கறிவர். அதே படிவே ரேடியேட்டரினுள்ளும் சேர்ந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றது. பம்பின் சீலையும் அது அராவித் தேய்க்கின்றது. எனவே செறிந்த கூலன்டுடன் கலப்பதற்குப் பற்றரிக்குப் பயன்படுத்தும் காய்ச்சி வடித்த நீரையே வாங்க வேண்டும். முன்னரே கலந்து விற்கப்படும் கூலன்டுடன் மேலும் நீர் சேர்க்க வேண்டியதில்லை. நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்றே என்று எண்ணி இரு வேறு கூலன்டுகளைக் கலக்கவும் கூடாது. நிறத்துக்குப் பொது நியதி கிடையாது. வாகனக் கைநூல் குறிப்பிடும் வகையையே, அது குறிப்பிடும் காலத்துக்கொரு தடவை மாற்றுவது நன்று.

வீட்டிலும் ஆற்றிலும் கலக்கும் நஞ்சு

கூலன்டை நாவில் வைக்கலாகாது என்று முன்னர் கூறினோம். அதன் பிரதான சேர்மானமான எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சாகும். ஈரல் அதனை அமிலங்களாக மாற்ற, இறுதியில் சிறுநீரகங்களில் ஒக்சலேற் படிகங்கள் படிந்து அவை செயலிழக்கின்றன. சிறு பிள்ளையொன்றின் உயிருக்குச் சில மேசைக்கரண்டியளவே ஆபத்தாகலாம். முற்றத்தில் தேங்கிய இனிப்பான திரவத்தை நாயும் பூனையும் நக்கி மடிவதும் இதனாலேயே. எஞ்சிய கூலன்டைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் உடனே கைவிடப்பட வேண்டும். அதன் நிறமும் இனிப்பும் பிள்ளைகளை ஏமாற்றப் போதுமானவை. எவரேனும் அருந்தி விட்டதாகச் சந்தேகம் எழுந்தால், அறிகுறிகள் தோன்றும் வரை காத்திராது உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தொடக்கத்தில் வெறும் மயக்கம் போலத் தோன்றுவது பல மணி நேரத்தின் பின்னரே பேராபத்தாக மாறும். காலத்தோடு கொடுத்தால் பயன் தரும் மாற்று மருந்துகள் உள்ளன. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி இலவசமாகக் கிடைக்கும். கூலன்ட் போத்தலையும் உடன் எடுத்துச் செல்வது வைத்தியர்களுக்கு உதவியாக இருக்கும்.

சிந்திய கூலன்டின் மீது மணலையோ மரத்தூளையோ இட்டு உறிஞ்சச் செய்து, பின்னரே அவ்விடத்தைக் கழுவ வேண்டும். கராஜ்களில் வடிக்கப்படும் பழைய கூலன்டைக் கானில் ஊற்றுவது இதனிலும் பெரிய தவறாகும். மாத்தளை நகரின் கான்கள் சுது கங்கையை நோக்கிச் செல்பவை. 1976 இல் பொல்கொல்லைத் திட்டம் செயற்படத் தொடங்கிய பின்னர், அங்கிருந்து திருப்பப்படும் மகாவலி நீரும் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின் நிலையத்தை அடைந்து சுது கங்கையிலேயே கலக்கின்றது. அந்நீர் அம்பன் கங்கையுடன் சேர்ந்து, போவத்தன்னையிலிருந்து தம்புள்ளைப் பக்கமாகக் கலாவெவ வரைக்கும், மறுபுறம் மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்கும் செல்கின்றது. மாத்தளையில் நாம் கானில் விடுவது எங்கோ ஒரு விவசாயியின் வயலுக்கும் ஒரு குடும்பத்தின் குடத்துக்கும் செல்லும் வழியில் சேர்கின்றது. அக்குடும்பம் தமிழ்க் குடும்பமா, முஸ்லிம் குடும்பமா, சிங்களக் குடும்பமா என்று நஞ்சு கேட்பதில்லை.

செய்ய வேண்டியவை

ஆண்டு வருமான அனுமதிப்பத்திரத்துக்காக நடத்தப்படும் புகைப் பரிசோதனை வாகனத்தின் புகையை மாத்திரமே அளக்கின்றது. அதிற் சித்தியடைந்த வாகனம் குழாய் வெடித்த வாகனமாகவும் இருக்கலாம். எனவே மழைக்கும் குளிருக்கும் முன்னதாக, ஒக்டோபர் அளவில் ஒரு தடவை குழாய்கள், கிளிப்புகள், மூடி, கூலன்ட் மட்டம் ஆகியவற்றைப் பரிசோதிப்பதை ஒவ்வொருவரும் வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். ரேடியேட்டரின் அழுத்தத்தைக் கைப்பம்பினால் சோதிக்கும் சிறு கருவியைக் கராஜ் உரிமையாளர்கள் பெற்று வைத்திருப்பார்களாயின், குளிரில் மாத்திரம் தோன்றும் கசிவையும் சில நிமிடங்களில் கண்டுபிடித்து விடலாம். பழைய கூலன்டைச் சேகரிக்க மூடியுடன் கூடிய ஒரு பீப்பாயை வைத்திருப்பதும் அவர்களது கடமையாகும். அவ்வாறு சேர்வதை முறையாகப் பெற்று அகற்றுவதற்கு மாநகர சபையும் பிரதேச சபைகளும் மத்திய சுற்றாடல் அதிகார சபையுடன் இணைந்து ஓர் ஏற்பாட்டைச் செய்து கொடுக்க வேண்டும்.

வாகனக் கைநூல்களும் கூலன்ட் போத்தல்களின் எச்சரிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே காணப்படுகின்றன. நஞ்சு என்ற சொல்லை, அதனைக் கையாள்பவரின் தாய்மொழியில் அச்சிடுவதற்குப் பெரிய செலவு ஏற்படப் போவதில்லை. சிங்களத்திலும் தமிழிலும் அதனைக் கட்டாயமாக்குவது பற்றி உரிய அதிகாரிகள் சிந்திக்க வேண்டும். தொழிற் பயிற்சி நிலையங்களிற் கற்கும் எமது இளைஞர்களுக்குக் காற்றினால் குளிரும் இயந்திரத்துடன் திரவத்தினால் குளிரும் இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டும் பயிற்சி தமிழ் மொழியில் கிடைக்க வேண்டும். வாகனங்கள் மாறி வரும் காலத்தில் அது அவர்களுக்கு வருவாயையும் பெற்றுத் தரும்.

ஒரு கிளிப்பை இறுக்குவதோ ஒரு முழ இறப்பர் குழாயை மாற்றுவதோ எவரது சக்திக்கும் அப்பாற்பட்ட காரியமல்ல. இயந்திரம் இறுகிய பின்னர் சிலிண்டரையும் பிஸ்டனையும் மாற்றுவது நாட்கூலி பெறும் ஒருவரின் பல வார உழைப்பை விழுங்கி விடும். நாளைக் காலை மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும் முன்னர் அது நின்ற தரையை ஒரு முறை குனிந்து பார்க்குமாறு எமது வாசகர்களைக் கேட்டுக் கொள்கின்றோம். அங்கே நிறமுள்ள ஒரு துளி தென்படுமாயின், அன்றைய மலைப் பயணத்தை ஒத்தி வைத்துக் கராஜுக்குச் செல்வதே அறிவுடைமையாகும்.